‘எடுத்துடலாம் சார்!’

“ஃபார்மேட் ஆயிடுச்சா? கவலைப்படாதீங்க சார், டேட்டா எங்கேயும் போகாது, எடுத்துடலாம்.” சென்னை ரிச்சி தெருவிலிருந்து தாலுகா ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கம்ப்யூட்டர் கடை வரைக்கும் இந்த ஆறுதல் தாராளமாகக் கிடைக்கிறது. படித்தவர்கள் இதையே கொஞ்சம் விளக்கத்தோடு சொல்கிறார்கள்: ஃபார்மேட் அழிப்பது அட்டவணையை மட்டும்தான், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், சரியான சாஃப்ட்வேரும் பொறுமையும் இருந்தால் போதும். போலீஸ் கதைப் படங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. வில்லன் எரித்துப்போட்ட லேப்டாப்பிலிருந்து நாயகனின் நண்பன் இரண்டு நிமிடத்தில் வீடியோவை எடுத்துத் திரையில் ஓடவிடுகிறான்.

இந்தக் கருத்து தவறு. ஒருகாலத்தில் சரியாக இருந்துவிட்டு இன்று தவறாகிப்போனது என்பதால் அதை அசைப்பது கடினமாக இருக்கிறது. சொல்பவரைக் கேட்டால் தன் அனுபவத்திலிருந்தே பத்து உதாரணம் எடுத்து வைப்பார். அவை பொய்யல்ல. ஆனால் அவை நடந்த ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்ப் பல வருடமாகிறது.

நம்பிக்கை பிறந்த இடத்தைப் பார்த்துவிடலாம். 1982இல் வந்த நார்ட்டன் யுடிலிட்டீஸ் தொகுப்புக்குப் பெயர் வாங்கித் தந்ததே அழித்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவரும் அதன் நிரல்தான். 1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பில் ‘அன்ஃபார்மேட்’ என்று ஒரு கட்டளையே இருந்தது. ஃபார்மேட் செய்ததைத் தலைகீழாகத் திருப்பும் கட்டளையைத் தயாரித்த நிறுவனமே சேர்த்து அனுப்பினால், எது போனாலும் மீளும் என்று ஜனங்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? அடுத்து விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதில் ‘குவிக் ஃபார்மேட்’ புதிய அட்டவணை ஒன்றை எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் ஓடும் முழு ஃபார்மேட்டும் வட்டைப் படித்துப் பார்த்துப் பழுதான இடங்களைக் குறித்துவைக்குமே தவிர, இருப்பவற்றின் மேல் எதையும் எழுதாது. எந்த வழியில் ஃபார்மேட் செய்தாலும் கல்யாண ஃபோட்டோ இருந்த இடத்திலேயே இருந்தது.

என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் வழக்கமாக 1,024 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. ஃபைலின் பெயர், அளவு, தேதி, அது வட்டில் கிடக்கும் இடங்கள் எல்லாம் அதில் இருக்கும். குவிக் ஃபார்மேட் பழைய பதிவுகளில் முதல் சிலவற்றின் மேல்தான் எழுதும். மிச்சத்தைத் தேடிக் கோத்தால் ஃபோல்டர்கள்கூடப் பழைய பெயரோடு எழுந்து நிற்கும். “ஓஎஸ் மட்டும் போட்டுக் கொடுங்க, டி டிரைவ்ல எல்லாம் இருக்கு, தொடாதீங்க” என்று படித்துப் படித்துச் சொல்லியும், கடைப் பையன் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து ஒன்றாக்கிவிட்ட விபத்துகள் அன்று வாராவாரம் நடந்தன. பெரும்பாலும் டேட்டா மீண்டும் வந்தது. இன்று கடை முதலாளியாக உட்கார்ந்திருக்கும் பலர் அந்தக் காலத்தில் கைப்பழக்கம் பெற்றவர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பழைய பாடத்தை ஒப்பிக்கிறார்கள்.

எல்லாரும் சொல்லும் உவமை நூலகம்: ஃபார்மேட் என்பது நூலகத்தின் பட்டியலைக் கிழித்துப் போடுவது; புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்துப் பாடம் முதல் யூட்யூப் வரை இதே உவமைதான். என் கோபத்தில் பாதி இதன் மேல்தான். இன்றைய நூலகத்தில் ஒரு பணியாள் இருக்கிறார். பட்டியல் கிழிந்தது என்ற செய்தி வந்ததும் அலமாரிகளைக் காலி செய்யத் தொடங்குவதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. நீங்கள் வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே அவர் உள்ளே வேலையை முடித்துவிடுவார்.

பணியாளர் கதைக்குப் போகுமுன், வழியில் ஒரு சின்னக் கணக்கு. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, முழு ஃபார்மேட் கொடுத்தால் அந்தப் பார்ட்டிஷன் முழுவதும் சுழியத்தை எழுதுகிறது. குவிக் ஃபார்மேட் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ‘நல்லா சுத்தமா இருக்கட்டும்’ என்று ஓடவிட்டவர், ஓடி முடித்த பகுதியில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காகவே இருந்தாலும் இதுதான் நிலை.

உடனே ஒரு பதில் வரும்: ஒருமுறை மேலெழுதினால் போதாது, பெரிய லேபில் கொடுத்தால் காந்தத் தடத்தின் ஓரத்திலிருந்து பழையதைப் படித்துவிடுவார்கள். இதற்கும் ஒரு பிறந்த கதை உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். அன்றிருந்த பல பழைய வகை வட்டுகளையும் ஒன்றுசேரக் கணக்கில் வைத்து, 35 முறை மேலெழுதும் ஒரு வரிசையைக் கொடுத்தார். உலகம் காரணத்தை விட்டுவிட்டு 35 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் அதை மந்திர உச்சாடனம்போல் பயன்படுத்துகிறார்கள் என்று பின்னாளில் அவரே அலுத்துக்கொண்டு, நவீன வட்டுகளுக்கு அந்த வரிசை பொருந்தாது என்று எழுதினார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, காந்த வட்டில் ஒருமுறை சுழியத்தால் எழுதிவிட்டாலே ஆய்வுக்கூடக் கருவிகளாலும் மீட்பது பொதுவாக இயலாது என்கிறது. மேலெழுதிய ஃபைலை மீட்டுத் தருகிறேன் என்று உங்களிடம் யாராவது காசு கேட்டால், அவரிடம் நிஸ்டுக்கே தெரியாத வித்தை ஏதோ இருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பணியாள் வேலை செய்யும் இடம்: எஸ்எஸ்டி. கடந்த சில ஆண்டுகளில் புது லேப்டாப் வாங்கியிருந்தால், பெரும்பாலும் உங்கள் பெட்டிக்குள் சுழலும் வட்டு கிடையாது. ஃபிளாஷ் சிப்புகள்தான் இருக்கும். காந்த வட்டில் பழையதன் மேலேயே புதியதை எழுதலாம். ஃபிளாஷில் அது முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத் துடைத்த பிறகுதான் அங்கே எழுத முடியும், துடைப்பதற்கு நேரமும் பிடிக்கும். அதனால் எந்தெந்த இடம் இனி வேண்டாம் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், எஸ்எஸ்டி ஓய்வு நேரத்தில் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். அப்படிச் சொல்லும் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. ஃபைலை அழித்தால் அந்த இடத்துக்கு டிரிம் போகும். ஃபார்மேட் கொடுத்தால், அது குவிக் ஃபார்மேட்டாகவே இருந்தாலும், பார்ட்டிஷன் முழுமைக்கும் போகும். லினக்ஸில் இன்று பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டும் வழக்கமாக இதைத்தான் செய்கிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும். அதன்பின் அந்த இடத்தைப் படிக்கச் சொன்னால் இன்றைய எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை சிப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சுழியத்தை நீட்டும். ரெக்கவரி சாஃப்ட்வேர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் எஸ்எஸ்டி கொடுப்பதைத்தான் படிக்க முடியும். கொடுப்பது சுழியம்.

ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனையைத் தடயவியல்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு எஸ்எஸ்டியில் ஃபைல்களை நிரப்பி, குவிக் ஃபார்மேட் செய்து பார்த்தார்கள். டிரிம் கட்டளையே இல்லாத எக்ஸ்பியில்தான் சோதனை. அப்படியும் சில நிமிடங்களில் எஸ்எஸ்டி தானாகவே பழைய தகவலைத் துடைக்கத் தொடங்கிவிட்டது. சாட்சியத்தைக் காக்கப் போலீஸ் பயன்படுத்தும், எழுதவிடாமல் தடுக்கும் கருவியை இடையில் மாட்டியும் நிற்கவில்லை. துடைக்கும் உத்தரவு வெளியிலிருந்து வந்தால்தானே தடுக்கலாம்? அது உள்ளேயே பிறக்கிறது.

இதிலிருந்து வருவது ஒரு கசப்பான விஷயம். எஸ்எஸ்டி மின்சாரத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் துடைப்புக்கு உதவுகிறது. நம் கடைகளில் என்ன செய்கிறார்கள்? ‘டீப் ஸ்கேன்’ போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள். மிச்சம் மீதி ஏதாவது இருந்திருந்தால் அதுவும் காலைக்குள் போய்விடும். உடனே மின்சாரத்தைத் துண்டித்து, சிப்பின் உள்கட்டுப்பாட்டுக்குள்ளேயே நுழையும் கருவி வைத்திருக்கும் சிறப்பு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், சில மாடல்களில் இன்னும் துடைபடாததை எடுக்க வழி உண்டு என்பதை மறைக்கவில்லை. அது சில மாடல்களில், சில வேளைகளில், நிறையப் பணத்துக்கு. அதை ஐந்நூறு ரூபாய் சாஃப்ட்வேரின் விளம்பரத்துக்கு ஆதாரமாக வைப்பது நியாயமில்லை.

என்கிரிப்ஷன் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த ஃபோன்களிலிருந்து என்கிரிப்ஷன் கட்டாயம். ஐஃபோனில் அதற்கு முன்பே உண்டு. ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்தால் சாவி அழிகிறது. சாவி அழிந்த பிறகு சிப்பில் எஞ்சியிருப்பது அர்த்தமில்லாத எண்குவியல். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், பல லேப்டாப்களில் கேட்காமலே என்கிரிப்ஷன் ஏறிவிடுகிறது. ரீசெட் ஆன ஃபோனிலிருந்து ஃபோட்டோ எடுத்துத் தருகிறோம் என்று தட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: சாவியை எங்கிருந்து எடுப்பீர்கள்?

எதிர்த்தரப்பின் பெரிய துருப்புச்சீட்டு கொலம்பியா விண்கலம். 2003 பிப்ரவரியில் அது வானில் சிதறியபோது உள்ளே இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகி உருக்குலைந்து தரையில் விழுந்தது. மாதங்கள் கழித்துக் கிடைத்த அதிலிருந்து அமெரிக்காவின் ஒரு மீட்பு நிறுவனம் 99 சதவீதத் தகவலை எடுத்துக்கொடுத்தது. அதில் பதிவாகியிருந்த, செனான் வாயுவைப் பற்றிய பரிசோதனையின் முடிவுகள் 2008இல் ஆய்விதழிலும் வெளிவந்தன. ‘விண்வெளியிலிருந்து விழுந்ததையே எடுத்துட்டான், உங்க டி டிரைவ் எம்மாத்திரம்?’

அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். அந்த டிஸ்க் யாராலும் ஃபார்மேட் செய்யப்படவில்லை. அதன் மேல் எதுவும் எழுதப்படவில்லை. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே தகவல் இருந்த உலோகத் தட்டுகள் வளையாமல் தப்பின. தகவலைப் பதிந்தது டாஸ். அது ஃபைலைத் துண்டு துண்டாக்கி அங்குமிங்கும் இறைக்காமல் அடுத்தடுத்து எழுதிவைத்திருந்தது. டிஸ்க்கில் பாதி காலியாகவும் இருந்தது. கதை சொல்பவர்கள் வசதியாக விட்டுவிடும் இன்னொரு செய்தி: அதே விண்கலத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. நெருப்பு பெட்டியைத்தான் தாக்கியது. ஃபார்மேட்டும் டிரிமும் தாக்குவது தகவலையே. தீயில் வெந்த காந்த வட்டு மீளலாம். புத்தம் புதிதாய் மினுங்கும் எஸ்எஸ்டி ஃபார்மேட்டில் காலியாகலாம்.

கொலம்பியாவைச் சொல்பவர்கள் அலாஸ்காவைச் சொல்வதில்லை. எண்ணெய் வருமானத்திலிருந்து மாநில மக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு கொடுக்கும் நிதி ஒன்று அங்கே உண்டு; 2007இல் அதன் மதிப்பு சுமார் 3,800 கோடி டாலர். 2006 ஜூலையில் வருவாய்த் துறையின் டெக்னீஷியன் ஒருவர் வழக்கமான பராமரிப்பின்போது அதன் விண்ணப்பங்கள் இருந்த டிஸ்க்கைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டார். அதோடு நிற்கவில்லை, பேக்கப் டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்துவிட்டார். மூன்றாவதாக டேப்பில் பிரதி இருந்தது. எடுத்துப் பார்த்தால் அதைப் படிக்க முடியவில்லை. மைக்ரோசாஃப்ட், டெல் நிறுவனங்களின் வல்லுநர்களை அழைத்தும் பலனில்லை. சுமார் 8 லட்சம் ஸ்கேன் படங்கள், ஒன்பது மாத உழைப்பு. காந்த வட்டின் பொற்காலத்தில், அரசாங்கப் பணத்தோடு, உலகின் முதல்தர ஆட்களை வைத்துக்கொண்டும் வரவில்லை. கடைசியில் காப்பாற்றியது காகிதம்: முந்நூறு அட்டைப்பெட்டிகளில் மூல விண்ணப்பங்கள் இருந்தன. எழுபது பேர்வரை வார விடுமுறையும் பார்க்காமல் ஆறு வாரம் உட்கார்ந்து திரும்ப ஸ்கேன் செய்தார்கள். செலவு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டின் பங்குத் தொகை மக்களுக்குத் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. அதற்கு எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் காரணமில்லை.

மீட்பே நடக்காது என்று நான் சொல்லவில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்; குவிக் ஃபார்மேட்; அதன்பின் எதுவும் எழுதவில்லை; என்கிரிப்ஷன் இல்லை. நான்கும் பொருந்தினால் நல்ல பங்கு திரும்பி வரும். கேமராவில் ஃபார்மேட் ஆன மெமரி கார்டுகளிலிருந்தும், பென் டிரைவ்களிலிருந்தும் இன்றும் அடிக்கடி எடுக்கிறார்கள். காசு கேட்காத ஃபோட்டோரெக் போன்ற நிரல்களே போதும். ஆனால் ‘வந்துடுச்சு’ என்ற சொல்லை நம்பி உடனே இனிப்பு வாங்கப் போக வேண்டாம். ஃபோட்டோரெக் அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்க அடையாளத்தைத் தேடி, அங்கிருந்து அடுத்தடுத்து இருப்பதை வெட்டியெடுக்கும். பழைய பெயரும் ஃபோல்டரும் போய்விடும். ஒரு ஸ்டூடியோக்காரருக்கு நாற்பது கல்யாணத்தின் படங்கள் வெறும் எண்களைப் பெயராகச் சுமந்து ஒரே குவியலாக வந்து விழுந்தால், எந்த மாலை எந்த வீட்டு மாப்பிள்ளை கழுத்தில் என்று பிரிப்பதற்கே மாதக்கணக்காகும். வீடியோ இன்னும் மோசம். நிறைய கேமராக்கள் ஓட்டத்துக்கு வேண்டிய குறிப்பை ஃபைலின் கடைசியில்தான் எழுதுகின்றன. துண்டுகள் சிதறியிருந்தால் முகூர்த்தம் முழுவதும் இருந்தும் ஓடாது.

‘வந்துடுச்சு’ என்பதில் ஏமாற்றும் உண்டு. எஸ்எஸ்டியில் ஃபைல்களை அழித்த பிறகு ஸ்கேன் செய்தால் பெயர், அளவு, தேதி எல்லாம் வரிசையாகத் தெரியும். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று பச்சை நிறத்தில் காட்டும் நிரல்களும் உண்டு. ஏனென்றால் பெயர் எழுதிய பதிவு இருக்கிறது. பதிவு சுட்டும் இடத்தில்தான் ஒன்றும் இல்லை. பட்டியலைப் பார்த்துக் கும்பிட்டுப் பணம் கட்டியவர் வீட்டுக்குப் போய்த் திறந்தால் ஒரு படமும் திறக்காது. பணம் கட்டுமுன் பத்து படத்தையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆறுதல் சொல்வதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் உண்டு. எப்படியும் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் பேக்கப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறது. விபத்து நடந்த அன்று ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி அதே டிஸ்க்கிலேயே நிறுவச் சொல்கிறது. மீட்கப் போகும் ஃபைலின் மேலேயே மீட்கும் சாஃப்ட்வேர் போய் உட்காருகிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ காந்த வட்டுகள் இப்படித்தான் வீணாகின்றன.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது: ‘எதுவும் அழியாது’ என்ற பயம் இருந்தால்தானே பழைய டிஸ்க்கை விற்பவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள்? இருந்தார்களா? எம்ஐடியின் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய சந்தையில் 158 டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டும். ஆயிரக்கணக்கில் கிரெடிட் கார்டு எண்கள் கிடந்தன. ஃபைல் தொலைந்தால் ‘எடுத்துடலாம்’ என்பவரே விற்கும்போது ‘ஃபார்மேட் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்லை’ என்கிறார். எந்த டிஸ்க், எந்த ஃபார்மேட், சாவி உண்டா, பிறகு என்ன எழுதினீர்கள் என்று கேட்காத வரை இரண்டு பக்கமும் அடி விழும்.

ஆகவே கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இது. டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள், ரசீதிலேயே எழுதிக்கொடுங்கள். காந்த வட்டானால் முதலில் முழுப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியின் மேல் வேலை செய்யுங்கள். எஸ்எஸ்டியில் ஃபார்மேட் ஆகி, அதன்பிறகு மணிக்கணக்கில் ஓடியும் இருந்தால், ஸ்கேன் போடுவதற்கு முன்னாலேயே ‘அண்ணே, இது வராது’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அவர் இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து, ஒரு வெளி டிஸ்க் வாங்க அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.